லிண்டல் மட்டத்தில் நின்றுபோன வீடுகள்

ஏழைக் குடும்பங்களின் வீட்டுக்காக நிதி திரட்டுகிறோம் என்று கல்லூரி மாணவர்கள் யாராவது என் அலுவலகத்துக்கு வந்தால், எவ்வளவு திரட்டப் போகிறீர்கள் என்று நான் கேட்பதில்லை. திரட்டும் பணம் ஒரு வீட்டின் எந்தக் கட்டத்தில் போய்ச் சேரப் போகிறது என்றுதான் கேட்கிறேன். காங்கயம் வட்டாரத்தில் கட்டடப் பொறியாளனாக வேலை பார்க்கும் எனக்கு, அவர்களுடைய உழைப்பு பலன் தருமா தராதா என்பது இந்தக் கேள்விக்கான விடையில்தான் அடங்கியிருக்கிறது என்ற எண்ணம் ஆண்டுக்கு ஆண்டு உறுதிப்பட்டு வருகிறது.

வெள்ளகோவில், மூலனூர், குண்டடம் பக்கத்துக் கிராமங்களில் தார்ச்சாலையை விட்டு இறங்கி உள்ளே நடந்தால், பாதியில் நின்ற வீடுகளைப் பார்க்காமல் திரும்ப முடியாது. கடைகால் போட்டு, பேஸ்மெண்ட் எனப்படும் தரைமேடை மட்டத்தில் எருக்கஞ்செடி முளைத்துக் கிடப்பவை உண்டு. நான்கு சுவர்களும் எழும்பி, கதவு ஜன்னலுக்கு மேலே வரும் லிண்டல் மட்டத்தில் கம்பி துருவேறி வானத்தைப் பார்த்து நிற்பவை உண்டு. தார்சு என்னும் கான்கிரீட் கூரை போட்டு முடித்தும் கதவு வைக்கப் பணமில்லாமல், வீட்டுக்காரர்கள் பழைய குடிசையான சாளையிலேயே படுத்துக்கொள்ள, புது வீட்டுக்குள் வெள்ளாடு கட்டியிருப்பதையும் பார்த்திருக்கிறேன். இவை எல்லாம் அரசுத் திட்டங்களில் ஒதுக்கீடு கிடைத்த வீடுகள். பயனாளிப் பட்டியலில் பெயர் வந்து, ஒன்றிய அலுவலகத்தில் உத்தரவு வாங்கி, பூமி பூஜையும் போட்ட வீடுகள்.

வீடற்றவர்களுக்கு அரசு எதுவும் செய்யவில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. 1985இல் இந்திரா குடியிருப்புத் திட்டம் வந்தது. 2010இல் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக மாற்றும் கலைஞர் வீட்டு வசதித் திட்டம், 2011இல் 300 சதுர அடியில் சூரிய மின்விளக்குடன் கூடிய பசுமை வீடுகள், 2016 முதல் ஊரகப் பகுதிகளுக்கான பிரதமரின் குடியிருப்புத் திட்டம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 2024இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டம், 2030க்குள் 8 லட்சம் வீடுகள் என்ற இலக்கோடு, முதல் ஆண்டில் 1 லட்சம் வீடுகளுக்குத் தலா 3.5 லட்சம் ரூபாய் என்று தொடங்கியது. வீட்டின் பரப்பு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை, மீதி 60 சதுர அடிக்குத் தீப்பிடிக்காத வேறு கூரை. பிரதமரின் திட்டத்தில் சமவெளிப் பகுதிக்கான தொகை 1.2 லட்சம் ரூபாய். கான்கிரீட் கூரைக்காகத் தமிழ்நாடு அரசு அதன்மேல் தன் பங்கைச் சேர்த்துத் தருகிறது.

சிக்கல் தொகையின் அளவில் ஓரளவுக்கு இருக்கிறது. தொகை வந்து சேரும் நேரத்தில் அதைவிட அதிகமாக இருக்கிறது. வேலை ஒரு மட்டத்தை எட்டியதும் பணிமேற்பார்வையாளர் வந்து பார்த்துப் படம் எடுத்துப் பதிவு செய்த பிறகுதான், அந்த மட்டத்துக்கான தவணை பயனாளியின் வங்கிக் கணக்கில் ஏறும். பொதுப்பணத்துக்குக் கணக்கு வேண்டும் என்பதால் இந்த ஏற்பாட்டில் நியாயம் இருக்கிறது. ஆனால், அந்த முதல் மட்டத்தை எட்டுவதற்கான கருங்கல்லும் ஜல்லியும் எம்-சாண்டும் கொத்தனார் கூலியும் யாருடைய கையிலிருந்து வரும்? தினக்கூலிக் குடும்பத்தில் அவ்வளவு பணம் புரளாது. எனவே வட்டிக்கு வாங்குகிறார்கள். எங்கள் பக்கத்தில் நூற்றுக்கு ஐந்து வட்டி என்றால் அது மாத வட்டி. 50,000 ரூபாய் வாங்கினால் மாதம் 2,500 ரூபாய். தவணை வந்து சேர ஆறு மாதம் ஆகிவிட்டால் 15,000 ரூபாய். கதவுக்கும் ஜன்னலுக்கும் போயிருக்க வேண்டிய பணம் வட்டிக்குப் போய்விடுகிறது. வந்த தவணையும் கடனை அடைக்கவே சரியாக இருக்கும். அடுத்த மட்டத்துக்கு மறுபடியும் கடன். மூன்றாவது முறை கடன் கொடுப்பவர் கையை விரிக்கும்போது வீடு நின்றுபோகிறது.

நான் சொல்ல வந்தது இந்த இடைவெளியைப் பற்றித்தான். இளைஞர்கள் திரட்டும் தொகை பெரும்பாலும் சிறியது. அந்தச் சிறிய தொகை, ஓர் அரசு உத்தரவுக்கும் அதன் தவணைக்கும் நடுவே வட்டியில்லாமல் நிற்குமானால், தன் அளவைப் போலப் பல மடங்கு வேலை செய்யும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் திருப்பூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றிலிருந்து நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் சிலர் வந்தார்கள். 1969இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் ஒரு மாணவர் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணியாற்ற வேண்டும். ஏழு நாள் சிறப்பு முகாமும் உண்டு. முகாமுக்காக ஊருக்குள் போன பிள்ளைகள், கோயில் வளாகத்தைச் சுத்தம் செய்து மரக்கன்று நட்டுவிட்டுத் திரும்பியிருக்கலாம். அவர்கள் அந்த ஊரின் காலனியில் சிமெண்ட் அட்டைக் கூரைக்குக் கீழே சித்திரை வெயிலில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு, ஒரு வீடாவது கட்டிக் கொடுத்தே ஆக வேண்டும் என்ற உறுதியோடு வந்து நின்றார்கள்.

ஒரு வீட்டை முழுவதுமாகக் கட்டித் தர வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். அந்தத் தொகையைச் சுழற்சியில் விட்டால் நின்றுபோன பல வீடுகளை நகர்த்தலாம் என்று நான் சொன்னேன். அவர்களுள் ஒரு மாணவி எழுந்து, “ஒரு வீட்டை முழுசாக் கட்டிக் காட்டினாத்தானுங்கண்ணா, காசு கொடுத்தவங்க அடுத்த வருசமும் கொடுப்பாங்க. பாதி வீட்டுக்குப் பணம் கொடுத்தோம்னா எதைக் காட்டறதுங்க?” என்று கேட்டார். அது நியாயமான கேள்வி. தந்த பணம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்த மாணவியே பிறகு அதற்கு ஒரு வழியும் கண்டுபிடித்தார். நின்றுபோன ஒவ்வொரு வீட்டையும் அது எந்த மட்டத்தில் நின்றது, எதற்காக நின்றது, அதை நகர்த்த எவ்வளவு வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி, அந்தத் தாளையே பணம் கேட்கும்போது கொடுத்துவிடுவது. வேலை நகர்ந்ததும் அதே தாளின் மறுபக்கத்தில் எழுதிக் கொண்டுபோய்க் காட்டுவது. ஒரு முழு வீட்டைவிட அந்தத் தாள் கொடுப்பவர் மனத்தில் ஆழமாகப் பதிந்ததை நான் பார்த்தேன். ஒரு பனியன் கம்பெனி முதலாளி, “இத்தன வருசமா வீடு வீடுன்னு கேக்கறாங்க, கொடுக்கறோம். எதுக்கு நிக்குதுன்னு இன்னைக்குத்தான் தெரியுது தம்பி” என்றார்.

பணம் குடும்பத்தின் கையில் ரொக்கமாகப் போவதில்லை. செங்கல் சூளைக்கோ ஹார்டுவேர் கடைக்கோ நேராகப் போகிறது; கொத்தனார் கூலி மட்டும் வாராவாரம் சனிக்கிழமை குடும்பத் தலைவியின் வழியாக. அரசுத் தவணை கணக்கில் ஏறியதும் அந்தத் தொகை வட்டியில்லாமல் திரும்ப வருகிறது. யாராவது நோய்வாய்ப்பட்டாலோ வேலை இழந்தாலோ திருப்பிக் கேட்பது தள்ளிப்போகும். ஒருமுறை கேட்காமலே விட்டுவிட்டார்கள், அதைச் சரியென்றே நானும் நினைக்கிறேன். எல்லாக் கணக்கும் ஒரு நோட்டில் இருக்கிறது. அந்த நோட்டைக் கட்டுகிற வீட்டுத் திண்ணையில் வைத்து எல்லார் முன்னாலும் உரக்கப் படிக்க வேண்டும் என்பது மாணவர்களே வைத்துக்கொண்ட விதி. கல்யாண வீட்டு மொய் நோட்டைப்போல, யார் எவ்வளவு வைத்தார்கள் என்பது ஊருக்கே தெரிந்திருப்பதால் இதுவரை ஒரு மனத்தாங்கலும் வரவில்லை.

இந்த வழி எங்கள் கண்டுபிடிப்பு என்று சொல்லிக்கொள்ள மாட்டோம். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் மில்லார்டு ஃபுல்லரும் லிண்டா ஃபுல்லரும் 1976இல் தொடங்கிய ஹேபிடேட் ஃபார் ஹியூமானிட்டி அமைப்பு இந்த அடிப்படையில்தான் எழுந்தது: இலாபமும் வட்டியும் இல்லாமல் வீட்டுக்கடன், திரும்பி வரும் தவணையில் அடுத்தவருக்கு வீடு, வீடு பெறுபவரும் தன்னார்வலரும் சேர்ந்து செய்யும் உடலுழைப்பு. 1983இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மத்தில் அந்த அமைப்பு இந்தியாவில் கால் வைத்தது. தென்னமெரிக்காவில், 1997இல் சிலி நாட்டின் இளைஞர்கள் தொடங்கிய இயக்கம் டெச்சோ என்ற பெயரில் பல நாடுகளுக்குப் பரவி, பல்கலைக்கழக மாணவர்களையே ஆணி அடிக்க வைத்தது. அவ்வளவு தூரம் போவானேன்? பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால், கேரளத்து மாணவர்கள் பழைய பேப்பரும் இரும்பும் சேகரித்து விற்றும், வீடு வீடாகப் பிரியாணி ஆர்டர் எடுத்தும் வீட்டுக்கு நிதி சேர்ப்பது வழக்கமாகவே ஆகியிருக்கிறது.

திருப்பூருக்கு என்று ஒரு வழி இருக்க வேண்டும் அல்லவா? தையலில் சிறு குறை வந்து ஏற்றுமதியிலிருந்து ஒதுக்கப்படும் செகண்ட்ஸ் பனியன்களையும், ஆர்டர் முடிந்து மிஞ்சும் துணிகளையும் சிறிய யூனிட்டுகள் காதர்பேட்டை வியாபாரிகளுக்கு மொத்தமாகத் தள்ளிவிடுவது உண்டு. அதில் ஒரு பங்கைத் தங்களுக்குத் தரும்படி மாணவர்கள் கேட்டார்கள். கிடைத்த பனியன்களைப் பிரித்து, அளவு வாரியாக அடுக்கி, குறை எங்கே இருக்கிறது என்பதை விலைச்சீட்டிலேயே எழுதி, கல்லூரி வளாகத்திலும் சம்பள நாளான சனிக்கிழமை மாலைகளில் தொழிற்சாலை வாசல்களிலும் விற்றார்கள். குறையை எழுதி விற்றதுதான் விற்பனைக்கு உதவியது என்பது என் கருத்து. வாங்கியவர்களில் பெரும்பாலோர் வரிசையாகக் கட்டிய ஒற்றை அறை வாடகை லைன் வீடுகளில் குடியிருக்கும் தொழிலாளர்கள். இரண்டு பனியன் வாங்கிவிட்டு, எதற்காக விற்கிறீர்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, மீதிச் சில்லறையை உண்டியலில் போட்டுவிட்டுப் போனார்கள்.

நிதி திரட்டும் இளைஞர்கள் சட்டத்தின் பக்கத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். பதிவு பெற்ற, வருமான வரித்துறையின் 80ஜி ஒப்புதல் உள்ள அறக்கட்டளை ஒன்றின் கணக்கு வழியாக வாங்கினால்தான் தருபவருக்கு வரிச்சலுகை கிடைக்கும். அதுவும் பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவருக்கே. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் அந்தச் சலுகை இல்லை. 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், நிகர இலாபம் 5 கோடி ரூபாயை எட்டிய நிறுவனங்கள், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. ஊரக வளர்ச்சியும் குடிசைப்பகுதி மேம்பாடும் அதில் அடங்கும். ஆனால் திருப்பூரின் யூனிட்டுகளில் பெரும்பாலானவை தனியுரிமை அல்லது பங்குதாரர் நிறுவனங்கள் என்பதால் அந்தச் சட்டம் அவற்றைக் கட்டுப்படுத்துவதில்லை. அங்கே மனம் இருந்தால்தான் பணம். மாணவர்கள் பெரிய நிறுவனத்துக்கு ஒரு விதமாகவும் சிறிய யூனிட்டுக்கு வேறு விதமாகவும் பேசக் கற்றுக்கொண்டது இதனால்தான்.

பணத்தைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டேன். தண்ணீரைப் பற்றியும் எழுத வேண்டும். இந்த இரண்டு ஆண்டுகளில் மாணவர்கள் செய்த வேலைகளில் தலைசிறந்தது எது என்று என்னைக் கேட்டால், சுவருக்குத் தண்ணீர் ஊற்றியதைத்தான் சொல்வேன்.

சிமெண்ட் காய்ந்து இறுகுவதாகப் பலர் நினைக்கிறார்கள். அது தண்ணீரோடு வேதிவினை புரிந்து இறுகுகிறது. தண்ணீர் வற்றிவிட்டால் அந்த வினை பாதியிலேயே நின்று, கான்கிரீட் தன் வலுவை அடையாமல் போய்விடும். சாதாரண போர்ட்லாண்டு சிமெண்ட்டுக்குக் குறைந்தது 7 நாளும், சாம்பல் கலந்த சிமெண்ட்டுக்குக் குறைந்தது 10 நாளும் ஈரம் காக்க வேண்டும் என்றும், வெப்பமும் வறட்சியும் உள்ள இடங்களில் முறையே 10 நாள், 14 நாள் என்றும் கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதியான ஐ.எஸ். 456 கூறுகிறது. இன்று கடையில் கிடைக்கும் மூட்டைகளில் பெரும்பாலானவை சாம்பல் கலந்தவை. காங்கயம், தாராபுரம் பக்கத்து வெயிலையும் கணவாய் வழியாக வரும் காற்றையும் சேர்த்துப் பார்த்தால், 14 நாள் என்பதை இங்கே குறைந்தபட்சமாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.

வசதியுள்ளவர் வீட்டில் இதற்கென்று ஆள் இருக்கும். ஏழை வீட்டில் யார் இருக்கிறார்கள்? நான் குறிப்பிடும் ஒரு வீட்டில், கணவனை இழந்த குடும்பத் தலைவி தேங்காய்க் களத்துக்கு வேலைக்குப் போகிறவர். விடியற்காலையில் கிளம்பி, நாள் முழுக்கத் தேங்காய் உடைத்துப் பருப்பு உலர்த்திவிட்டு, இருட்டும் நேரத்தில் திரும்புவார். வீட்டில் முழங்கால் வலியோடு மாமியார், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். பில்லருக்கும் சுவருக்கும் ஒரு நாளில் மூன்று வேளை தண்ணீர் ஊற்ற அந்த வீட்டில் ஆளில்லை. குழாயிலும் தினந்தோறும் தண்ணீர் வருவதில்லை. மாணவர்கள் முறை வைத்துக்கொண்டார்கள். கல்லூரிக்குப் போகும் முன் இருவர், மாலையில் இருவர், இடையில் அந்த ஊரிலேயே இருக்கும் பாலிடெக்னிக் மாணவன் ஒருவன். நிதியிலிருந்து ஒரு டேங்கர் தண்ணீர் வாங்கித் தொட்டியில் நிரப்பினார்கள். பில்லர்களைச் சணல் சாக்கால் சுற்றிக் கட்டி, சாக்கு உலராமல் பார்த்துக்கொண்டார்கள். தார்சு போட்ட மறுநாள், மேலே கலவையால் சிறு வரப்பு கட்டிப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, நெல்வயலுக்கு விடுவதுபோல இரண்டு விரல் ஆழத்துக்குத் தண்ணீர் நிறுத்தினார்கள். நண்பகலுக்குள் பாதி வற்றிவிடும். மறுபடி குடம் ஏற வேண்டும்.

அந்தப் பாட்டி நிழலில் உட்கார்ந்து இவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “சுவத்துக்குத் தண்ணி ஊத்தறதுக்கா கண்ணு இத்தன தூரம் பஸ் ஏறி வந்தீங்க?” என்று கேட்டார். பிறகு அவரே ஒரு சொம்பை எடுத்துக்கொண்டு, கை எட்டும் உயரம் வரைக்கும் நனைக்கத் தொடங்கினார். நான் அந்தத் தார்சைப் பிறகு இரண்டு முறை போய்ப் பார்த்தேன். மழைக்காலம் முடிந்தும் ஒரு கசிவு இல்லை. அதே ஊரில் ஈரம் காக்காமல் விடப்பட்ட வீட்டின் கூரையில் மயிரிழை விரிசல்கள் ஓடிக் கிடக்கின்றன. நின்று தலைமுறைக்கு வர வேண்டிய ஒரு வீடு பத்தாண்டில் ஒழுகத் தொடங்குவதற்கு, ஆளில்லாத இரண்டு வாரங்கள் போதும். மண் வெட்டுவதும் கல் சுமப்பதும் கூலிக்கு ஆள் வைத்துச் செய்துகொள்ளக்கூடிய வேலைகள். சித்தாள் வேலையில் பழக்கமில்லாத மாணவர்கள் அதில் இறங்கினால் கொத்தனாருக்கு இடைஞ்சலாகக்கூடப் போய்விடும். ஈரம் காக்கும் வேலைக்குப் பொறுப்புணர்ச்சி ஒன்று போதும். அது அவர்களிடம் வேண்டிய அளவுக்கு இருக்கிறது.

செங்கலைக் குறுக்காக நிறுத்தி நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டுமானத்தையும் அவர்களுக்குக் காட்டினேன். கேரளத்தில் லாரி பேக்கர் பரப்பிய முறை அது. ஏறத்தாழ கால் பங்குச் செங்கல் மிச்சமாகும். வெற்றிடம் இருப்பதால் வெப்பமும் குறையும். எங்கள் கொத்தனார்கள் ஹாலோ பிளாக்குக்குப் பழகிவிட்டதால் தயங்குகிறார்கள். ஒரே ஒரு சுவரில் கட்டிப் பார்க்க ஒருவர் இசைந்திருக்கிறார்.

இனி, இவ்வளவும் செய்து எட்ட முடியாத குடும்பங்களைப் பற்றி. மேலே சொன்ன திட்டங்கள் எல்லாவற்றுக்கும் சொந்த இடமும் பட்டாவும் வேண்டும். கொங்குப் பகுதியில் தலைமுறை தலைமுறையாகத் தோட்டங்களில் உழைத்த அருந்ததியர் குடும்பங்களில் பலவற்றுக்கு அரசு எப்போதோ கொடுத்த ஒரு துண்டு நத்தம்தான் உண்டு. அதில் இன்று தாத்தா பெயரில் ஒரு பட்டாவும், மூன்று தலைமுறை வாரிசுகளும், ஒரே கூரைக்குக் கீழே நான்கு அடுப்புகளும் இருக்கின்றன. வாரிசுச் சான்று, உட்பிரிவு, பட்டா மாறுதல் என்று அலைவதற்கு ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். ஒரு வேலை நாளில் தாலுகா அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நிற்கவும், விண்ணப்பத்தை இணையத்தில் ஏற்றவும், அதன் நிலையைப் பார்த்துச் சொல்லவும் மாணவர்களால் முடியும். இதற்குப் பணமே தேவையில்லை. ஆனால் நிதி திரட்டுகிறோம் என்று வருபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள், ஏனென்றால் இதைப் படம் எடுத்துக் காட்ட முடியாது.

பட்டா இருந்தும் பாதுகாப்பு இல்லாத இடங்கள் எத்தனையோ. 2019 டிசம்பர் 2ஆம் தேதி அதிகாலை, மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில், மழையில் ஊறிய ஏறத்தாழ 20 அடி உயர மதில், அதை ஒட்டியிருந்த ஓட்டு வீடுகளின்மேல் சரிந்து 17 பேர் உறக்கத்திலேயே இறந்தார்கள். அருந்ததியர் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அவர்களுள் குழந்தைகளும் உண்டு. அந்தச் செய்தி வந்த வாரத்தில் பேசாதவர்கள் இல்லை. ஏழைகளின் வீட்டைப் பற்றி விழிப்புணர்வு ஏற்படுத்துகிறோம் என்று புறப்படும் எந்த மாணவர் குழுவும் தன் ஊரில் அப்படி ஒரு மதிலோ ஓடைக்கரையோ இருக்கிறதா என்று நடந்து பார்த்து எழுதி, மாவட்ட நிர்வாகத்துக்கு மனுவாகக் கொடுக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துகிறேன். எங்கள் மாணவர்கள் இரண்டு மனுக்களைத் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்திருக்கிறார்கள். ஒன்றில் சுவரின் உயரம் குறைக்கப்பட்டுவிட்டது. மற்றதில் இன்னும் ஒன்றும் நடக்கவில்லை, தொடர்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

நகரத்துக்கு வந்தால் கதையே வேறு. தேனி, திண்டுக்கல்லிலிருந்தும் ஒடிசா, பீகாரிலிருந்தும் திருப்பூருக்கு வந்து உழைப்பவர்கள் ஒற்றை அறை லைன் வீடுகளில், பல குடும்பங்களுக்குப் பொதுவான கழிப்பறையோடு, பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கொடுத்துக் குடியிருக்கிறார்கள். சொந்த இடத்தில் கட்டுபவருக்கு நகர்ப்புறத் திட்டத்தில் ஒன்றிய அரசு தரும் 1.5 லட்சம் ரூபாய் இவர்களுக்கு எந்த வகையிலும் பயன்படாது. கோவையில் குளக்கரைகளில் குடியிருந்தவர்களை, 1970இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிய அமைப்பு, கீரணத்தம், மலுமிச்சம்பட்டி, வெள்ளலூர் அடுக்குமாடிகளுக்கு மாற்றியது. கூரை உறுதியானது, ஆனால் உக்கடத்தில் காலையில் வேலைக்குக் கூப்பிடும் இடத்துக்கு நடந்து போனவர் இன்று பேருந்துக்குக் காத்திருக்கிறார். 1995இல் உச்ச நீதிமன்றம் சமேலி சிங் வழக்கில், தங்குமிட உரிமை என்பது போதிய இடம், பாதுகாப்பான கட்டடம், வெளிச்சம், காற்று, குடிநீர், மின்சாரம், கழிவு வசதி, சாலை ஆகிய அனைத்தையும் உள்ளடக்கியது என்று சொல்லியிருக்கிறது. வாடகைக் குடியிருப்பாளர்களுக்கு மாணவர் நிதியால் செய்யக்கூடியது மிகக் குறைவு என்பதை மறைக்க விரும்பவில்லை. அங்கே தேவைப்படுவது அரசின் வாடகைக் குடியிருப்புக் கொள்கையும், அதைக் கேட்கும் குரல்களும்.

அந்தக் குரலைத்தான் விழிப்புணர்வு என்று நான் புரிந்துகொள்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் மாதத்தின் முதல் திங்கட்கிழமையை ஐக்கிய நாடுகள் அவை உலக வாழ்விட நாளாக 1986 முதல் கடைப்பிடிக்கிறது. அன்றைக்குப் பேரணியும் பதாகையும் வேண்டாம் என்று எங்கள் மாணவர்கள் முடிவு செய்தார்கள். தங்கள் கல்லூரியிலேயே படிக்கும், குடிசையிலும் அட்டை வீட்டிலும் இருந்து வரும் மாணவர்கள் விரும்பினால் மட்டும் வந்து பேசலாம் என்று ஓர் அரங்கம் ஏற்பாடு செய்தார்கள். ஆடி மாதக் காற்றில் கூரைத் தகடு பறந்துவிடாமல் இரவெல்லாம் கல் அடுக்கியதையும், தேர்வு நேரத்தில் தெருவிளக்கில் படித்ததையும், நண்பர்களை வீட்டுக்கு அழைக்காமல் மூன்று ஆண்டுகளை ஓட்டியதையும் அவர்கள் எழுந்து சொன்னபோது, பக்கத்து இருக்கைக்காரர்களுக்கு அது முற்றிலும் புதிய செய்தியாக இருந்தது. உதவி பெறும் குடும்பத்தின் முகத்தைப் படம் எடுப்பதில்லை, காசோலை கொடுக்கும் காட்சி இல்லை, வீட்டுச் சுவரில் நன்கொடையாளர் பெயர்ப் பலகை இல்லை என்ற மூன்று முடிவுகளும் அந்தக் கூட்டத்துக்குப் பின்தான் எடுக்கப்பட்டன. இவற்றால் நன்கொடை குறையும் என்று சிலர் எச்சரித்தார்கள். குறைந்தாலும் பரவாயில்லை என்பது என் உறுதியான நிலை. தன் வீட்டுச் சுவரில் வேறொருவர் பெயரைத் தினமும் பார்த்துக்கொண்டு ஒரு பிள்ளை வளரக் கூடாது.

மாணவர்கள் மூன்றாண்டில் படிப்பை முடித்து வெளியேறிவிடுவார்கள். வீடும் கடனும் நோட்டும் இங்கேயே இருக்கும். இதுதான் இப்போது எனக்குள்ள பெரிய கவலை. முதல் அணியில் இருந்தவர்களில் மூவர் வேலைக்குப் போன பின்னும் மாதம் ஒரு தொகை அனுப்புகிறார்கள், ஒருவர் கணக்கைப் பார்த்துக்கொள்கிறார். இரண்டாம் ஆண்டு மாணவர்கள் இருவரிடம் நோட்டு கைமாறியிருக்கிறது. முதலாமாண்டு மாணவர்களை அவர்கள் ஊருக்கு அழைத்துப் போகத் தொடங்கியிருக்கிறார்கள்.

மார்கழியில் எங்கள் பக்கம் யாரும் வேலை தொடங்க மாட்டார்கள். தை பிறந்ததும் நான்கு வீடுகளை நகர்த்த வேண்டியிருக்கிறது: இரண்டு லிண்டல் மட்டத்திலும், ஒன்று பேஸ்மெண்டிலும், ஒன்று கதவில்லாமலும் நிற்கின்றன. லிண்டல் மட்டத்து வீடுகளுக்குப் பணத்தைவிட, கான்கிரீட் இறுகும்வரை அதைத் தாங்கி நிற்கும் சென்ட்ரிங் தகடும் முட்டுக்கம்பும்தான் இப்போதைய தேவை; வாடகையே பெரும் தொகையாகிறது. காங்கயம், தாராபுரம், வெள்ளகோவில் பக்கத்தில் சென்ட்ரிங் சாமான் வைத்திருப்பவர்கள், வேலை இல்லாத நாட்களில் மூன்று வாரம் இரவல் தந்தால் இரண்டு வீட்டுக்கும் தார்சு போட்டுவிடலாம். ஏற்றி இறக்கும் வண்டிச் செலவு மாணவர்களுடையது. தகடுகளை எண்ணெய் தடவித் துடைத்துத் திருப்பிக் கொடுக்கும் பொறுப்பு என்னுடையது.